கார் போனாலும் காகிதம் போக வேண்டாம்

நான் வசிக்கும் டென்மார்க்கின் ஓகூஸுக்கு வடக்கே, சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது ராண்டர்ஸ். 1987இல் ‘எல்லெர்ட்’ அங்கேதான் தயாரானது. ஒருத்தர் மட்டும் போகிற மூன்று சக்கர மின்சார வண்டி. கம்பெனி சீக்கிரமே திவாலாகி, தயாரிப்பு ஜெர்மனிக்குப் போய்விட்டது. ‘சிட்டிஎல்’ என்று பெயரும் மாறியது. இப்படிக் கைமாறிய வண்டி எங்கே, எப்போது தயாரானது என்று தேடினால், சேஸிஸ் நம்பரும் பழைய பில்லும்தான் கைகொடுக்கும்.

நம்ம சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் ‘ஸ்டாண்டர்டு 2000’ மட்டும் என்ன? ரோவர் எஸ்டி1 உடம்புக்குள் 1,991 சிசி பழைய எஞ்சின். 1985இல் வந்தது, 1988இல் நின்றுபோச்சு. கார் விற்றுப்போன வீடுகளில்கூட அதன் பில், சர்வீஸ் புத்தகம் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒருதடவை பிரித்துப் பாருங்கள். மூடிப்போன கம்பெனியின் வரலாறு நம்ம வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.