எண்ணெய் எஞ்சினின் அமுக்க விகிதம்

நீரிறைக்கும் டீசல் எஞ்சினைப் பொதுவில் வைத்து நடத்தும் சங்கங்களில், பழுது பார்த்த மறுவாரமே எஞ்சின் குளிர்ந்த காலையில் கிளம்பாது வெண்புகை கக்குவதும், எண்ணெய்ச் செலவு ஏறுவதும் உண்டு. எண்ணெயில் கலப்படம் என்று அங்கத்தினர் வழக்காடுவர். பிழையோ சில சமயங்களில் ஒரு மில்லிமீட்டர் தகட்டில் இருக்கும்.

பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கையில் அதன் மேலுள்ள முழு இடத்தை, அது உச்சியை எட்டியபின் மிஞ்சும் சிறு இடத்தால் வகுக்கக் கிடைப்பதே அமுக்க விகிதம். பிஸ்டன் ஓடும் இடத்தை மட்டும் வகுத்துவிடுவது பலரும் செய்யும் பிழை. மிச்ச இடத்தையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

5 குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர் என்க. அரைவிட்டம் 4 சென்டிமீட்டர். 4 × 4 × 3.1416 = 50.27 சதுர சென்டிமீட்டர். இதனை 11ஆல் பெருக்க 553 கன சென்டிமீட்டர் ஆகும். மிச்ச இடம் 35 எனில், 588 ÷ 35 = 16.8.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சைக்கிள் பம்பின் அடிப்புறம் சுடுவதை அறியாதார் இலர். அவ்வாறே நெருக்குண்ட காற்றின் உஷ்ணத்தாலேயே எண்ணெய் பற்றுகிறது. ருடால்ப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய யந்திரத்தின் சூட்சுமமும் இதுவே. ஆதலால் விகிதம் தாழ்ந்தால் உஷ்ணமும் தாழும். சிலிண்டர் தலைக்கடியில் 1 மில்லிமீட்டர் கூடுதலாகக் காஸ்கெட் வைத்தால் மிச்ச இடத்தில் 5 கன சென்டிமீட்டர் ஏறும்: 593 ÷ 40 = 14.8. கசிவை அடக்க இரண்டு காஸ்கெட் அடுக்குவோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

மிச்ச இடத்தை அளக்கும் விதம் யாதெனில், இரு வால்வுகளும் மூடியிருக்கப் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே அளவுக்குவளையால் எண்ணெய் வார்த்து நிரப்புவதாம். ரிங்குகள் வழியே கசியுமாதலால் தாமதம் கூடாது. அளந்தபின் இன்ஜெக்டரை மாட்டாமலே சக்கரத்தைக் கையால் பலமுறை சுழற்றி எண்ணெய் முழுதையும் வெளியேற்றிவிட வேண்டும். எண்ணெய் நெருங்காது, உள்ளே தங்கினால் கனெக்டிங் ராடு வளையும்.

ரிங்குகள் தேய்ந்த எஞ்சினும் இவ்வாறே முரண்டும். அங்கே விகிதம் குறையவில்லை, காற்றே கசிகிறது. காஸ்கெட்டை மாற்றிப் பயனில்லை. ஆகவே பழைய காஸ்கெட்டை எறிந்துவிடாமல் வாங்கி வைத்து, புதியதன் கனத்தோடு ஒப்பிட்டபின் கூலி கொடுப்பது நலம்.