பலபடிப் படலத்துக்குள் பீங்கான் துகள்கள்

கைப்பேசி முதல் மின்சாரக் கார் வரை, மின்னணுச் சுற்று உள்ள இடமெல்லாம் மின்தேக்கியும் உண்டு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே மின்காப்புப் பொருள் ஒன்றை வைத்தால், அப்பொருளுக்குள் மின்னோட்டம் பாயாவிட்டாலும், மின்புலத்தின் விசையால் அதன் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கின்றன. மின்முனைவாக்கம் எனப்படும் இவ்விலகல் மிகுந்தால் தகடுகளில் தேங்கும் மின்னூட்டமும் மிகும். வெற்றிடத்தோடு ஒப்பிட்டு இத்திறனை அளக்கும் எண் சார்பு விடுதிறன் எனப்படுகிறது.

பாலிபுரொப்பிலீன் என்னும் பலபடியின் சார்பு விடுதிறன் ஏறத்தாழ 2.2 மட்டுமே, ஆயினும் அதன் மெல்லிய படலம் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பல நூறு வோல்ட் அழுத்தத்தைத் தாங்குவதோடு, துணிபோல வளைந்தும் கொடுக்கிறது. 1940களில் அறியப்பட்ட பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானிலோ, ஆக்சிஜன் அயனிகள் சூழ்ந்த டைட்டேனியம் அயனி நடுவிடத்திலிருந்து எளிதில் நகர்வதால், சார்பு விடுதிறன் ஆயிரத்துக்கு மேல் உயர்கிறது. ஆனால் அது நொறுங்கக்கூடியது. 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டே உறுதியாக்க வேண்டியிருப்பதால், பிளாஸ்டிக்கால் ஆன சுற்றுப்பலகையின் மேல் அதை நேரடியாக உருவாக்க இயலாது. ஆகவே, பீங்கானைப் பொடியாக்கிப் பலபடிக் கரைசலில் கலந்து படலமாக வார்க்கும் முறை வளர்ந்தது.

கலவையின் கணக்கு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைகிறது. விடுதிறன் 3 உள்ள பலபடியில், 1,500 உள்ள பீங்கானைக் கன அளவில் 20 விழுக்காடு சேர்த்தால் சராசரி 300ஐத் தாண்டவேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒன்றையொன்று தொடாத உருண்டைத் துகள்களுக்கு, 1904ஆம் ஆண்டைச் சேர்ந்த மாக்ஸ்வெல் கார்னெட் சூத்திரம் தரும் விடை 5ஐச் சற்றே கடக்கிறது. விடுதிறன் மிகுந்த துகளுக்குள் மின்புலம் மிகக் குறைவாகவே நுழைவதும், பெரும்பகுதி சுற்றியுள்ள பலபடியின் மேலேயே விழுவதும் இதற்குக் காரணம். அதனால் பீங்கானின் ஆற்றல் பயன்படாமல் போவதோடு, துகள்களுக்கு இடைப்பட்ட பலபடி, தன் பங்குக்கு மேலான அழுத்தத்தைச் சுமந்து முன்கூட்டியே முறிகிறது.

இம்முறிவின் விலை பெரிது. தேங்கும் ஆற்றல் விடுதிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைவதால், விடுதிறனை இரட்டிப்பாக்கித் தாங்கும் மின்புலத்தைப் பாதியாக்கிய படலம் முன்னைவிடப் பாதி ஆற்றலையே தேக்கும். பொடியின் அளவை மேலும் கூட்டினால் துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. கட்டிகளுக்கு இடையே காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன. விடுதிறன் 1 மட்டுமே உள்ள காற்றில் மின்புலம் உச்சம் அடைவதால் முறிவு அங்கிருந்தே தொடங்குகிறது. துகளும் பலபடியும் சந்திக்கும் பரப்பில் மின்னூட்டம் தேங்குவதால், குறைந்த அதிர்வெண்களில் விடுதிறன் உயர்வதுபோலத் தெரிந்தாலும், அவ்வுயர்வோடு ஆற்றல் வெப்பமாக வீணாவதும் கூடுகிறது.

எனவே இத்துறையின் முதன்மைக் கேள்வி, எவ்வளவு பீங்கான் சேர்ப்பது என்பதைவிட, துகளின் மேற்பரப்பைப் பலபடியோடு எவ்வாறு இணக்குவது என்பதே. ஒரு முனையால் பீங்கானையும் மறுமுனையால் பலபடியையும் பற்றும் சிலேன் சேர்மங்களைப் பூசினால், துகள்கள் தனித்தனியே பரவி, ஈரத்தையும் குமிழியையும் விலக்குகின்றன. விடுதிறன் 10 அளவில் உள்ள பாலிவினைலிடீன் ஃபுளோரைடைத் தாங்குபொருளாகக் கொள்வது இரு பொருள்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது. விடுதிறனை உயர்த்தும் நோக்கத்தையே கைவிட்ட வழியும் பலன் தந்துள்ளது: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், போரான் நைட்ரைடு நுண்தாள்கள் கலந்த பலபடிப் படலம், கசியும் மின்னோட்டத்தைத் தடுத்து வெப்பத்தையும் கடத்தி, 250 டிகிரி செல்சியஸ் வரை செயல்பட்டது. வழக்கமான பாலிபுரொப்பிலீன் மின்தேக்கிகள் 105 டிகிரி அளவிலேயே எல்லையைத் தொட்டுவிடுவதால், மின்சாரக் கார்களில் அவற்றுக்கெனக் குளிர்விக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்தச் சுமையைக் குறைக்கும் ஆற்றல், பீங்கானையும் பலபடியையும் பிழையின்றி இணைக்கும் இத்தகைய மெல்லிய படலங்களுக்கு உண்டு.