விற்பனைக்காக வீட்டை ஆயத்தப்படுத்தல்

விற்பனைக்காக வீட்டை ஆயத்தப்படுத்தல் என்பது, விற்க இருக்கும் வீட்டைத் தூய்மை செய்து, பழுது நீக்கி, பொருட்களை ஒழுங்குபடுத்தி, பார்க்க வருவோர் அதன் இடவசதியையும் நிலையையும் எளிதில் உணரும் வண்ணம் வைக்கும் செயல் ஆகும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இது ஹோம் ஸ்டேஜிங் என அழைக்கப்படுகிறது. அங்கு இது தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளரும் தரகரும் கொத்தனாரும் வண்ணம் பூசுபவரும் சேர்ந்து செய்யும் வேலையாகவே இது பெரும்பாலும் உள்ளது.

வீட்டின் நிறையை எடுத்துக் காட்டும் அதே வெள்ளையடிப்பு, அதன் குறையை மறைக்கவும் பயன்படக்கூடும். உப்புக்காற்றும் உவர்நிலமும் கட்டடங்களைத் தாக்கும் தூத்துக்குடிக் கடற்கரையில் இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. எனவே இக்கட்டுரையில் அப்பகுதி சிறப்பு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயரும் தோற்றமும்

வீட்டைப் பெருக்கி, வெள்ளையடித்து விற்பது பழைய வழக்கமே. ஆயினும் அதனைத் தனித் தொழிலாகத் தொடங்கியவராக அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பார்ப் சுவார்ட்சு என்பவர் குறிப்பிடப்படுகிறார். இவர் 1972 ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கினார். நாடகத்துக்கு மேடை அமைப்பது போன்று விற்பனைக்கு வீட்டை அமைத்தல் என்ற கருத்திலேயே இப்பெயர் எழுந்தது. பிரித்தானியாவில் 1998 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அவுசு டாக்டர் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

அடிப்படை முறைகள்

நாட்டுக்கு நாடு வேறுபாடுகள் இருந்தாலும், பின்வரும் செயல்கள் பொதுவானவை.

- பொருட்களைக் குறைத்தல்: பயன்படாத பெட்டிகள், உடைந்த நாற்காலிகள், பழைய தாள்கட்டுகள் முதலியவற்றை அகற்றுதல். தரையும் சுவரின் மூலைகளும் கண்ணுக்குத் தெரிந்தால் அறையின் உண்மையான அளவு புலப்படும்.
- தூய்மை: சமையலறை, குளியலறை, கழிவறை ஆகியவை முதலிடம் பெறுகின்றன. கெட்ட வாடையும் இதில் அடங்கும்.
- சிறு பழுதுகள்: ஒழுகும் குழாய், மூடாத தாழ்ப்பாள், எரியாத விளக்கு முதலியவற்றைச் சரிசெய்தல். இவை செலவில் சிறியவையாயினும் பராமரிப்பின்மையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன.
- வெளிச்சமும் காற்றும்: சன்னல்களைத் திறந்து வைத்தல், அவற்றை அடைத்து நிற்கும் அலமாரிகளை இடம் மாற்றுதல்.
- வண்ணம்: பலருக்கும் பொருந்தும் வெளிர் வண்ணங்களைப் பூசுதல்.
- முகப்பு: வாயில், சுற்றுச்சுவர், படிக்கட்டு ஆகியவற்றைச் சீர்செய்தல்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் இருக்கும் பொருட்களைக் கொண்டே இதனைச் செய்வர். காலியான வீட்டுக்கு அறைகலன்களை வாடகைக்கு எடுத்து வைப்பது மேலைநாட்டு வழக்கம். காலி அறையின் ஒளிப்படத்தில் கணினி மூலம் அறைகலன்களைச் சேர்த்துக் காட்டும் முறையும் தற்போது உள்ளது.

தமிழ்நாட்டு நிலை

மேலைநாட்டு முறைகள் அனைத்தும் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதில்லை. குடும்பத்தின் அடையாளங்களை வீட்டிலிருந்து முற்றிலும் நீக்கவேண்டும் என்பது அங்கு முதன்மையான விதி. இங்கோ வழிபாட்டிடம் தூய்மையாக இருப்பதும், அங்கு விளக்கு எரிவதும் வீடு நல்ல நிலையில் வாழப்பட்டதன் அடையாளமாகப் பலராலும் கருதப்படுகின்றன. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலமிடுதலும் அவ்வாறே. வாங்க வருவோர் பலர் வாசல் நோக்கும் திசை, சமையலறை அமைந்த மூலை முதலிய வாஸ்துக் கூறுகளையும் கேட்பதுண்டு. இவற்றை ஒப்பனையால் மாற்ற இயலாது.

மேலும் இங்கு வீட்டின் ஆயத்தம் என்பது ஆவணங்களின் ஆயத்தத்தையும் உள்ளடக்கியது. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவை ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். வாரிசுகளின் கையொப்பம் நிறைவுறாத வீடு எத்துணை அழகாக இருந்தாலும் விற்பனை தடைப்படும்.

தூத்துக்குடிக் கடற்கரையில்

தூத்துக்குடி மன்னார் வளைகுடாவின் கரையில், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அமைந்த துறைமுக நகரம் ஆகும். இங்குள்ள துறைமுகம் 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் வ. உ. சிதம்பரனார் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நகரைச் சுற்றி விரிந்த உப்பளங்கள் உள்ளன. துறைமுகம், அனல் மின் நிலையம், உரத் தொழிற்சாலை முதலியவற்றை ஒட்டி வெளியூரிலிருந்து பணி நிமித்தம் வருவோர் பலர். கடற்கரையில் வாழ்ந்து பழகாதவர் வீடு வாங்கும்போது, உப்பினால் விளையும் பழுதின் அடையாளங்களை அறிந்திருப்பது அரிது.

சுண்ணாம்புச் சுவர் வீடுகள்

இக்கடற்கரையின் பழைய கட்டடங்களில் கடலிலிருந்து எடுக்கப்பட்ட பவளப்பாறைக் கற்களும், அவற்றையும் சிப்பிகளையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் பயன்பட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் மன்னார் வளைகுடாத் தீவுகள் அரிப்புக்கு உள்ளாயின. 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே பழைய வீட்டைப் பழுதுபார்க்க இக்கற்களைப் புதிதாக எடுத்தல் குற்றமாகும்.

சுண்ணாம்புச் சுவர் நுண்துளைகள் உடையது. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமும், காற்றிலிருந்து ஏற்கும் ஈரமும் அத்துளைகள் வழியாக வெளியேறுகின்றன. ஈரம் உலரும்போது அதில் கரைந்துள்ள உப்பு படிகமாகிச் சுவரின் மேற்பரப்பில் வெண்மையாகப் படிகிறது. இது உப்புப் பூத்தல் எனப்படும். விற்பனைக்காக இச்சுவரின் மேல் ஈரத்தைப் புகவிடாத எனாமல் போன்ற வண்ணத்தைப் பூசினால், சில காலம் சுவர் பளபளப்பாகத் தோன்றும். ஆனால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு வண்ணப்பூச்சின் அடியிலேயே படிகமாகும். படிகம் வளரும்போது ஏற்படும் அழுத்தத்தால் வண்ணம் கொப்பளித்து, காரையும் உதிரும். அதாவது, அழகுக்காகச் செய்த வேலை சுவரின் சிதைவை விரைவுபடுத்துகிறது.

இத்தகைய வீட்டுக்கு உரிய ஆயத்தம் வேறு. ஈரம் புகும் வழியை முதலில் அடைத்தல் வேண்டும். உப்பேறிய காரையைச் சுரண்டி நீக்கிச் சுவரை நன்கு உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, அதன் மேல் வெள்ளையடித்தல் வேண்டும். இதற்குக் காலம் தேவை. மழைக்காலத்தில் அவசரமாகச் செய்யும் வேலை நிலைப்பதில்லை.

கற்காரை வீடுகள்

கற்காரையின் காரத்தன்மை அதனுள் உள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கடற்காற்றில் உள்ள உப்பின் குளோரைடு கற்காரைக்குள் ஊடுருவிக் கம்பியை அடையும்போது இக்காப்பு சிதைகிறது. உவர்நீரில் குழைத்த கற்காரையிலும், கழுவாத கடல்மணல் கலந்த கற்காரையிலும் இத்தீங்கு தொடக்கத்திலேயே அமைந்துவிடுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், கற்காரை கம்பியின் நீளவாக்கில் வெடித்துப் பெயர்கிறது.

கற்காரைக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எசு. 456 (2000 ஆம் ஆண்டுப் பதிப்பு), கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்ட கற்காரையைக் கடுமையான சூழல் வகையில் சேர்க்கிறது. அவ்வகைக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கற்காரை மூட்டம் பொதுவாகத் தேவை. மென்மையான சூழலுக்கு 20 மி.மீ. போதும். உள்நாட்டு முறையில் மெல்லிய மூட்டத்துடன் கட்டிய வீடு கடற்கரையில் விரைவில் பழுதடைவதன் காரணம் இதுவே.

கூரையின் அடியில் தோன்றும் வெடிப்பைச் சிமெந்து பூசி மூடுவதும், பெயர்ந்த பகுதியின் கீழே அலங்காரப் பொய்க்கூரை அமைப்பதும் எளிது. ஆனால் உள்ளே துரு தொடர்ந்து பரவும். முறையான பழுதுநீக்கத்தில், தளர்ந்த கற்காரையை உடைத்து நீக்கி, கம்பியின் துருவைத் தேய்த்தெடுத்து, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, உரிய கலவையால் மூடுவர். இவ்வேலையின் ஒளிப்படங்களையும் ரசீதுகளையும் பாதுகாத்து வைத்துக் காட்டுவது விற்பவருக்கு நம்பிக்கையைப் பெற்றுத்தரும்.

தண்ணீரும் வெள்ளமும்

நகருக்குக் குடிநீர் தாமிரபரணி ஆற்றிலிருந்து கொண்டுவரப்படுகிறது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடிநீர் உவர்ப்பாக இருப்பதால், வீடு பார்க்க வருவோர் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டம் கடும் வெள்ளத்துக்கு உள்ளானது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாகியது. அதன் பின்னர் இம்மாவட்டத்தில் வீடு வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகளுள் வெள்ளநீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதும் ஒன்றாயிற்று. சுவரில் இருந்த நீர்மட்டக் கோட்டைப் புது வண்ணம் மறைத்துவிடும். ஆயினும் கதவு நிலைகளின் அடிப்பகுதி, சுவரலமாரிகளின் பின்பக்கம், மின் இணைப்புப் பெட்டியின் உட்புறம் ஆகியவற்றில் தடயம் எஞ்சக்கூடும்.

காட்டுதலும் மறைத்தலும்

இக்கடற்கரையின் முத்துக்குளிப்பில், கரைசேர்ந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடும் வழக்கம் இருந்தது. முன்கூட்டியே சில மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டிருப்பர். ஏலத்தில் வைத்த சிப்பிக்குள் முத்து உண்டா என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். இருவருக்கும் அறியாமை சமமாக இருந்ததால் அவ்வேலம் நேர்மையானதாக இருந்தது.

வீட்டு விற்பனையில் நிலை அவ்வாறன்று. பல மழைக்காலங்களை அவ்வீட்டில் கழித்தவர், எந்தச் சுவர் ஈரமாகும், எந்தக் கூரை ஒழுகும் என்பதை அறிவார். வாங்குபவரோ சில மணி நேரமே வீட்டைப் பார்க்கிறார். இவ்வாறு ஒரு தரப்பு மட்டுமே அறிந்திருக்கும் நிலை சந்தையை எவ்வாறு கெடுக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் சியார்ச்சு அக்கெர்லோஃப் 1970 இல் பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். குறையுள்ளதையும் நல்லதையும் வேறுபடுத்த இயலாத வாங்குபவர், எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல பொருளை உடையவர் அவ்விலைக்கு விற்க விரும்பாது சந்தையை விட்டு விலகுவார். இவ்வாய்வுத்துறைக்காக அக்கெர்லோஃப் 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடற்கரை வீடுகளுக்கும் இது பொருந்தும். வண்ணத்தால் குறைகளை மறைக்கும் வழக்கம் பெருகினால், முறையாகப் பழுதுநீக்கிய வீடும் ஐயத்துக்கு உள்ளாகும்.

சட்ட நிலை

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, விற்பவரின் கடமைகளைக் கூறுகிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் அறிந்திருந்து, வாங்குபவர் அறியாதிருந்து, சாதாரணக் கவனத்தால் அவரால் அதனைக் கண்டறியவும் இயலாதெனில், விற்பவர் அதனைத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காது விடுதல் மோசடி எனக் கருதப்படும். மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி இக்கடமை பொருந்தும்.

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17, அறிந்த உண்மையை முனைந்து மறைத்தலை மோசடியின் வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கிறது. வெறும் மௌனத்துக்கும் முனைந்த மறைப்புக்கும் இடையே சட்டம் வேறுபாடு காண்கிறது. வெள்ளையடித்தல் குற்றமன்று. ஆனால் அறிந்த வெடிப்பை மறைக்கவே பூசிய பூச்சு வழக்குக்கு இடமளிக்கக்கூடும்.

புதிய அடுக்ககங்களில் கட்டுமான நிறுவனங்கள் மாதிரி வீடு ஒன்றை அலங்கரித்துக் காட்டுவது வழக்கம். 2016 ஆம் ஆண்டின் மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், பிரிவு 12, இதனை நேரடியாகக் குறிப்பிடுகிறது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் செலுத்தியவர், அதிலிருந்த பொய்யான தகவலால் இழப்படைந்தால் இழப்பீடு பெறலாம். திட்டத்திலிருந்து விலக விரும்பினால், செலுத்திய பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். பிரிவு 14 இன்படி, உடைமை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளை நிறுவனம் கட்டணமின்றிச் சரிசெய்யவேண்டும். தனியார் ஒருவர் தம் பழைய வீட்டை விற்பதற்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கு முற்கூறிய இரு சட்டங்களே துணை.

பயன்

வீட்டை ஒப்பனை செய்வது விலையை உயர்த்தும் என்பது இத்தொழிலில் உள்ளோரின் பொதுவான கூற்று. ஆனால் 2015 இல் அமெரிக்காவில் மைக்கேல் சைலர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, சுவரின் வண்ணமும் அறைகலன்களும் வீட்டைப் பற்றிய எண்ணத்தை மேம்படுத்தினாலும், வாங்குவோர் தர முன்வரும் விலையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை எனக் காட்டியது. ஆகவே செலவிடத்தக்க தொகை சிறிதாயின், அதனை அலங்காரத்தில் அன்றிப் பழுதுநீக்கத்தில் இடுவது ஏற்புடையது எனலாம்.

வாங்குவோர் கவனிக்கத்தக்கவை

- புதிய வண்ணம் வீடு முழுவதும் உள்ளதா, ஓரிரு சுவர்களில் மட்டும் உள்ளதா எனப் பார்த்தல்.
- கூரையையும் தூண்களையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தல். பொள்ளல் ஒலி, உள்ளே கற்காரை பிரிந்திருப்பதைக் காட்டலாம்.
- சன்னல் கம்பிகள், மொட்டைமாடிக் கைப்பிடிகள் ஆகியவற்றின் அடியில் துருவைத் தேடுதல்.
- பகலிலும் இரவிலும், இயன்றால் மழை பெய்த மறுநாளிலும் வீட்டைப் பார்த்தல்.
- வெள்ளம் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் கேட்டல்.
- ஐயம் இருப்பின், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்தல்.

இவற்றையும் பார்க்க

- தூத்துக்குடி
- முத்துக்குளித்தல்
- சுண்ணாம்பு
- பவளப் பாறைகள்
- வில்லங்கச் சான்று