ஏட்டில் ஏறாத பிள்ளை

சென்னைப் புறநகரான திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் வயதானவர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, மூக்கன் என்று ஒருவராவது இருப்பார். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்து, மூக்குக் குத்தி, எமனுக்கு வேண்டாத பிள்ளையாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர்கள் அவை.

அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டிலேயே நடக்கும். கையில் கிடைத்ததைக் கொண்டு தொப்புள்கொடியை அறுப்பார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவார்கள். பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீரையே நிறுத்திய வீடுகளும் உண்டு. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதைத் தொடவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. நாட்டின் சராசரி அப்போது 28.

சாவு இப்படிக் குறைந்ததில் பெரியாஸ்பத்திரிகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் என் கணக்கில் முதல் பெருமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவெல்லாம் விழித்திருந்த செவிலியருக்குத்தான். மூன்று பேரை முறை வைத்து அமர்த்தியதால் நடுராத்திரியிலும் அங்கே பிரசவம் பார்க்க முடிந்தது. 2008-இல் 108 வண்டி வந்தது. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 18,000 ரூபாயானது. பால்வாடியில் சத்துமாவும், வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசலும் தம் பங்கைச் செய்தன.

இன்று இறக்கும் சிசுக்களில் பெரும்பாலோர் முதல் 28 நாட்களிலேயே போகிறார்கள். அதனால்தான் செவிலியர் வீடு தேடி வருகிறார். குழந்தையைத் தூளித் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார். உள்ளங்கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். எத்தனை தடவை பால் குடித்தது என்று தாயிடம் கேட்கிறார். எடை குறைவென்றால் பிள்ளையை மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

இந்தக் கவனிப்பு கிடைக்கச் செவிலியரின் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். நாகல்கேணி தோல் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இந்தப் புறநகரில் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். சொந்த ஊரில் பெற்று, கைக்குழந்தையோடு திரும்பும் தாயின் பெயர் இங்கே எந்த ஏட்டிலும் இருக்காது. அடுத்த ஊசி எப்போது என்று சொல்ல ஆளில்லை. தண்ணீரும் எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோல வருவதில்லை. திருநீர்மலை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதே மாநகராட்சியில், 2024 டிசம்பரில், பல்லாவரம் பகுதியினர் பலர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பேதி முதலில் சாய்ப்பது எடை குறைந்த பிள்ளையைத்தான். மாநிலத்தின் சராசரிக்குள் இந்தத் தெருக்கள் தனியாகத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ வாடகைக்கு வந்த குடும்பத்தில் கைக்குழந்தை இருந்தால் அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அரசு நிலையத்தில் ஊசிக்குக் காசு கிடையாது. எந்த மாநிலத்துப் பிள்ளையானாலும் போடுவார்கள்.