மழைத்தண்ணியில தழைச்சத்து எவ்வளவு?

"இடி இடிச்சுப் பெய்ஞ்சா யூரியா போட்ட மாதிரி" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். மின்னல், காற்றில் உள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றுவது உண்மைதான். ஆனால் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன்தான். நிலம், கடல் எல்லாத்துக்கும் பிரிச்சா ஏக்கருக்கு 40 கிராம். நம்ம மாதிரி வெப்ப நாட்டில் மின்னல் கூடுதல்; இருந்தாலும் கிராம் கணக்குதான்.

மழையில் வரும் மிச்சத் தழைச்சத்து கீழே இருந்து மேலே போனதே. எருக்குழி, மாட்டுக்கொட்டகை, யூரியா போட்ட வயல் இவற்றிலிருந்து கிளம்பும் அம்மோனியா, வண்டிப்புகை எல்லாம் மழையோடு திரும்புது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1853லேயே மழைநீரைப் பிடித்துச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் ஏக்கருக்கு வருஷம் சுமார் 2 கிலோதான் கிடைச்சது. இன்றைக்குப் பல ஊர்களில் இதைவிடக் கூடுதல். காற்று கெட்டதற்கான கூலி அது!

ஊருக்கு ஊர் மழையும் மாறும். கடலோர மழையில் உப்பு. ஜோத்பூர்ப் பக்கம் சுண்ணாம்புப் புழுதி கலந்து காரத்தன்மை. அஸ்ஸாமின் மோகன்பாரியில் புழுதி குறைவு, அமிலப் பக்கம் சாயுது. பருவத்தின் முதல் மழை காற்றைக் கழுவிக்கொண்டு வருவதால் சத்தும் அழுக்கும் அதில்தான் அதிகம், போகப்போக நீர்த்துப்போகும்.

அப்போ மழைக்கு அடுத்த நாள் பயிர் ஏன் அப்படிப் பச்சை கட்டுது? முக்கியக் காரணம் மண்ணில் இருக்கு. காய்ந்த மண் நனைஞ்சதும் நுண்ணுயிர்கள் விழிச்சு, மட்கை உடைத்துத் தழைச்சத்தை விடுவிக்குது. 1958ல் கென்யாவிலிருந்து பர்ச் என்பவர் இதை விளக்கி எழுதினார். மட்கு இல்லாத மண்ணில் விடுவிக்க என்ன இருக்கு? இன்னொன்று, போர்த்தண்ணி சேர்த்த உப்பை மழை வேருக்குக் கீழே இறக்கிவிடுது.

ஒரு டன் நெல்லுக்கு 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வேணும். மழையின் 2 கிலோவை நம்பித் தக்கைப்பூண்டைக் கைவிட்டா நூறு கிலோ நெல்தான் மிஞ்சும்.

முதல் மழையில் விடுபடும் சத்து நைட்ரேட்டாக மாறி, அடுத்த பெருமழையில் அடிமண்ணுக்கு ஓடிடும். அதனால் மானாவாரிக்காரங்க வரப்பை இப்பவே உசத்துங்க. பலதானிய விதையைத் தயாரா வைங்க. பதம் வந்த அன்னைக்கே விதைச்சிடுங்க.