பழைய இத்தாலியக் காரும் எங்கள் மண்ணெண்ணெய்க் காரும்



பழைய கார்கள் பற்றி வானொலியில் கதைத்த அடுத்த நாள் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, மகன் ஒரு பழைய அல்பா ரோமியோ வாங்கி வைச்சிருக்கிறான். காபரேற்றருக்கு எண்டு காசைக் கொட்டுறான். கார் ஓடுதில்லை. ஒருக்கா வந்து பாப்பியளே?" என்றார். வெம்பிளிப் பக்கம்தான் வீடு. போனேன். அங்கே கண்டதையும் செய்ததையும் எழுதித் தரும்படி நிலையத்தார் கேட்டார்கள். பழைய கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம். இடையில் யாழ்ப்பாணமும் வருகிறது.

கார் 1972ஆம் ஆண்டின் 2000 ஜிரிவி. 1962 சிசி, நான்கு சிலிண்டர். பக்கவாட்டில் இரண்டு காபரேற்றர்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய்கள். அதாவது சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு குழாய். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கியது. அக்சிலறேற்றரை மிதித்தால் காபரேற்றர் வாயால் தும்மியது. தம்பி இதை ஒரு கடையில் சொல்லியிருக்கிறார். அவர்கள், இருந்த 40 மில்லிமீற்றர் காபரேற்றர்கள் போதாது என்று 45 மில்லிமீற்றர் சோடி ஒன்றை விற்றுவிட்டார்கள். அதைப் பூட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காபரேற்றர் பெற்றோலை ஊற்றும் பாத்திரம் அல்ல. எஞ்சின் இழுக்கும் காற்று ஒடுங்கிய தொண்டை வழியாகப் போகும்போது வேகம் எடுக்கிறது. வேகம் கூட அமுக்கம் குறைகிறது. அந்த அமுக்கக் குறைவுதான் ஜெற்றிலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறது. தொண்டை அகலமென்றால் குறைந்த வேகத்தில் காற்று சோம்பலாகப் போகும். பெற்றோல் புகைபோல எழும்பாமல் துளிதுளியாக விழும். றேஸ் ஓடுகிறவனுக்கு அது பரவாயில்லை, அவன் எப்போதும் 6000 சுற்றுக்கு மேலே நிற்பான். நாங்கள் ஓடுவது நோர்த் சேர்குலர் நெரிசலில்.

40, 45 என்பது வாயில் திறந்து மூடும் தட்டின் விட்டம் மட்டுமே. காரின் குணத்தைத் தீர்மானிப்பது உள்ளே செருகியிருக்கும் வளையம். அதையும் சோக் என்றுதான் சொல்வார்கள். குளிரில் இழுக்கும் சோக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வீதியில் ஓடும் 2 லீற்றர் எஞ்சினுக்கு 32 அல்லது 33 மில்லிமீற்றர் வளையம் போதும், 1600க்கு 30 அளவில். தம்பியின் 45க்குள் இருந்தது 36. பிரதான ஜெற்றுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வளையத்தின் அளவை நாலால் பெருக்குங்கள். 33 என்றால் 132, ஆகவே 130 அல்லது 135 ஜெற்றில் தொடங்கலாம். 130 என்றால் துவாரம் 1.30 மில்லிமீற்றர். காற்று ஜெற் அதைவிட ஏறத்தாழ 50 கூட. இது தொடங்குவதற்குத்தான், முடிவை எஞ்சின் சொல்லும்.

எந்தக் கொம்பனி நல்லது என்று தம்பி கேட்டார். அல்பாவே இந்த வகைக் கார்களுக்கு வெபர், டெல்லோர்ட்டோ, சொலெக்ஸ் என்று மூன்றையும் பூட்டியிருக்கிறது. வெபருக்கு உதிரிப்பாகம் இலகு. டெல்லோர்ட்டோ எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சொலெக்ஸுக்கு ஜெற் தேடி அலைய வேண்டும். என் அபிப்பிராயம், காரோடு வந்தது தேயாமல் இருந்தால் அதையே கழற்றிக் கழுவி, வாசர் மாற்றிப் போடுங்கள். தட்டின் தண்டு ஆடினால் மட்டும் புதிதைப் பற்றி யோசியுங்கள். தம்பி பழைய 40 வெபர் சோடியை எறியாமல் வைத்திருந்தது புத்தி.

வெபர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எடுவார்தோ வெபர் இத்தாலியின் பொலோனா நகரில் தன் பெயரில் தொழில் தொடங்கியது 1923இல். அதற்கு முன், முதலாம் உலகப்போர் முடிந்து பெற்றோல் விலை ஏறியிருந்த காலத்தில், அவர் விற்றது என்ன தெரியுமா? லொறிகளை மண்ணெண்ணெயில் ஓட வைக்கும் சாதனம். இதைச் சொன்னபோது கதவடியில் நின்ற தாயார் சிரித்துவிட்டார். "இவன்ரை அப்பா 92இலை ஹயர் ஓடினது மண்ணெண்ணெயிலைதானே" என்றார். மகனுக்கு அது புதினம். தகப்பன் இப்போது இல்லை.

நானும் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் கராஜில் நின்றவன்தான். 1990 ஆடி, ஆவணியோடு பெற்றோல் இல்லையென்றாகியது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது; அதனால் காபரேற்றர் வாயில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய். மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருந்தபடியால் சூடு தாராளம். அதன் எஸ்.யூ. காபரேற்றர், ஸ்கின்னர் சகோதரர்கள் இதே லண்டனில் தொடங்கிய சாமான்; 1926இல் மொறிஸ் அதை வாங்கிக்கொண்டார். ஒரு ஊசி, ஒரு ஜெற், கீழே ஒரு நட்டு, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் இலகுவில் தட்டும் எரிபொருள். ஆகவே ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவோம். எரியாதது ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனால் ஒயிலுக்கு எங்கே போவது? அல்பாவில் இதெல்லாம் நடவாது. அதன் அமுக்க விகிதம் 9க்கு 1. எங்கள் பழசுகள் 7க்கு 1 அளவில்தான்.

அந்த நாட்களில் எங்களிடம் மீற்றர் ஒன்றும் இல்லை. ஒரு துண்டு இறப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சினில். வெம்பிளியிலும் அதைத்தான் செய்தேன். பழைய 40 சோடியைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, காபரேற்றர் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றிக் குழாயைக் கொண்டுபோனேன். பின் காபரேற்றருக்குக் கீழே சீறும் சத்தம். கையால் காபரேற்றரை மெல்ல உயர்த்தினால் எஞ்சினின் ஓட்டம் மாறியது. இந்த அல்பாக்களில் காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இறப்பர் ஒட்டிய தாங்கிகள் உண்டு. வயதானால் வெடிக்கும். அந்த வெடிப்பால் கள்ளக் காற்று போய்க் கலவை மெலிகிறது. தும்மலும் ஆட்டமும் அதனால்தான். காபரேற்றர்களில் பிழையே இல்லை. தாங்கிகளை மாற்றினோம். காபரேற்றரின் பாரத்தைக் கீழிருந்து தாங்கும் இரும்பும் கழற்றி எங்கோ போட்டுக் கிடந்தது. அதைத் திரும்பப் பூட்டாவிட்டால் புது இறப்பரும் கிழியும்.

அதன் பிறகுதான் ரியூனிங். முதலில் வால்வு இடைவெளி, பிளக், ரைமிங். இவை சரியில்லாமல் காபரேற்றர் ஸ்குரூவில் கை வைப்பது வீண்வேலை. பெற்றோல் பம்பின் அமுக்கம் 3 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். கூடினால் மிதவை தாங்காது, வழியும். அடுத்து சமநிலை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு காபரேற்றரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று குழாயால் கேளுங்கள். இப்போது மலிவாக மீற்றரும் வாங்கலாம். இரண்டையும் இணைக்கும் தண்டில் உள்ள ஸ்குரூவால் சத்தத்தை ஒன்றாக்குங்கள். பிறகு நான்கு கலவை ஸ்குரூக்கள். மெதுவாக முட்டும்வரை இறுக்கி, ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். ஓடிவந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூட. வெள்ளை என்றால் குறைவு; அதுதான் ஆபத்து, பிஸ்ரன் உருகும். மெல்லிய மண்ணிறம் நல்லது, இன்றைய பெற்றோலில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். ஜெற்றைக் கம்பியால் மட்டும் குத்தாதீர்கள். நாங்கள் சைக்கிள் பம்பால் அடித்தோம்.

பெற்றோல் பற்றி: 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கு சாதாரண பெற்றோல் ஈ10, அதாவது 10 வீதம்வரை அற்ககோல். அது பழைய இறப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். சுப்பர் வகையில் 5 வீதம்வரை என்று ஈ5 கிடைக்கிறது, அதையே அடியுங்கள். குழாய்களைப் புதிதாக மாற்றுங்கள். இந்தக் காபரேற்றர்களுக்குப் பக்கத்தில் ஒழுகும் பெற்றோல் ஒரு தடவை பற்றினால் கார் மிஞ்சாது. தீயணைப்புக் குப்பி ஒன்று அருகில் இருக்கட்டும். கராஜ் கதவைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

யூலெஸ் பயம் பலருக்கு. 40 வயது கடந்து, வரலாற்று வாகனமாகப் பதிந்த காருக்கு அந்தக் கட்டணம் இல்லை. நகர மத்தியின் நெரிசல் கட்டணம் உண்டு.

தம்பி 45 சோடியை விற்றுவிட்டார், வாங்கிய விலைக்கு அல்ல. போன ஞாயிறு தாயாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தாராம். குழாய்த் துண்டை நான் திருப்பி வாங்கவில்லை.