ஆம்புலன்ஸ் வரும்வரை

2004 டிசம்பர் 5. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். மோகன் பகானுக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்த வேகத்தில் கோல்கீப்பர்மீது மோதி விழுந்தார் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர். பிரேசில்காரர், 25 வயது. பிறகு எழவேயில்லை. மைதானத்தில் இருந்த அவசர மருத்துவ ஏற்பாடு போதாது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க்கின் எரிக்சன் சுருண்டு விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தினார்கள். டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மறுபடி களத்தில் ஆடினார்.

இளம் வீரர்களுக்கு இப்படித் திடீரென இதயம் நிற்கும்போது பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு காரணமாக இருப்பதில்லை. பரம்பரையாகத் தடித்த இதயத் தசை, துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு, வைரஸ் காய்ச்சலை ஒட்டி இதயத்தில் வரும் அழற்சி என்று எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான், ஓடும்போதே மயங்கி விழுந்த பையனை ‘வெயில்தான்’ என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. குடும்பத்தில் யாராவது சிறுவயதிலேயே திடீரென இறந்திருந்தால் ஈசிஜி, எக்கோ பார்த்தே ஆகவேண்டும்.

மைதானத்தில் இல்லாமல், திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு முன்னால் போகும் செங்கம் சாலையில் ஒருவர் இப்படி விழுந்தால் என்று யோசித்துப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி அது. பௌர்ணமி இரவில் அத்தனை கூட்டத்தையும் தாண்டி 108 ஆம்புலன்ஸ் வந்து சேரவேண்டும். நின்ற இதயத்துக்கோ, அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் டீக்கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர்.

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் சோடா தெளிப்பார்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் போகிற நேரம் திரும்பாது. தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சில்லை, அல்லது வாய் பிளந்து விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளவேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை சோர்ந்தால் ஆள் மாறலாம், அழுத்தம் மட்டும் நிற்கக் கூடாது. வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமா? பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டுமே கொடுத்தாலும் பலனுண்டு.

டென்மார்க்கில் 2006 முதல் முதலுதவிப் பயிற்சி இல்லாமல் ஓட்டுநர் உரிமம் கிடையாது. இங்கே சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். செங்கம் சாலை ஆட்டோ ஸ்டாண்டிலும் ஊர்க் கபடிக் குழுவிலும் தொடங்கலாம். ஒரு பயிற்சி பொம்மை, சொல்லித்தர அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவர், அரை நாள் போதும்.